வீட்டு வண்டியின் படி

எங்கள் குடும்பத்தில் வீடு வருவதற்கு முன்பே வாசற்படியைப் பழுதுபார்த்தவர் என் சித்தப்பா ஒருவர்தான். அந்த வாசற்படியும் சிங்கப்பூரில் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில், அவருடைய நண்பர் வீட்டு மாமரத்தடியில் இருந்தது. இந்தக் கதையை நான் எடுத்தாலே அம்மா, "ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரி" என்பார். அவரே அனுமதி கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. சிங்கப்பூரில், பாலத்துக்குப் பக்கத்தில், மார்சிலிங்கில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த சித்தி என்று ஐந்து பேர். சித்தப்பாவும் சித்தியும் சொந்த வீட்டுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். வீடு தயாராகும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். என் அறை அவர்களுக்குப் போனது. நான் ஹாலில் மெத்தை போட்டுப் படுத்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. டிவி ஹாலில்தான் இருந்தது.

அதுவும் போக, சித்தி வந்த பிறகுதான் என் தலைமுடிக்கு விடிவுகாலம் பிறந்தது. அம்மா சடை பின்னிவிட்டால் கண்கள் இரண்டும் காதுப் பக்கம் இழுத்துக்கொள்ளும். வகுப்பில் ஆசிரியர் என்ன சொன்னாலும் நான் ஆச்சரியப்படுவது போலவே இருக்கும். சித்தி பின்னினால் பின்னியதே தெரியாது. பள்ளி விடும்வரை கலையவும் கலையாது. பின்னும்போது சித்தி ஏதாவது பாட்டை முனகிக்கொண்டிருப்பார். என் நாளில் ஆகச் சிறந்த நேரம் அதுதான்.

சித்தி ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தார். மெதுவாகப் பேசுவார். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு டப்பாவை எடுப்பதென்றாலும், "அக்கா, இத எடுத்துக்கலாமா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். செருப்பைக்கூட எங்கள் செருப்பு அலமாரியில் வைக்காமல் அதற்குப் பக்கத்தில், தரையில், சேர்த்து வைத்திருப்பார். எவ்வளவு மரியாதை தெரிந்த சித்தி என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

சித்தப்பாவுக்குக் கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. மனசு மட்டும் உட்காராது. ஒரு வருடம் மீன் தொட்டி, அடுத்த வருடம் ரொட்டி சுடும் மெஷின், அதற்குப் பிறகு ஒரு பெரிய கீபோர்டு. ஒவ்வொன்றும் கொஞ்ச காலம் எங்கள் வீட்டை ஆட்டிவைத்துவிட்டு அலமாரியின் தலைக்கு மேல் போய் ஓய்வெடுக்கும். அப்பா இதையெல்லாம் "சீசன்" என்பார். "இப்ப என்ன சீசன்டா?" என்று கேட்டால் சித்தப்பாவுக்குக் கோபம் வராது. உற்சாகமாகப் பதில் சொல்வார்.

அந்த வருடத்து சீசன் மோட்டார்ஹோம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பழைய ஜப்பானிய வேன் ஒன்றின் முதுகில் ஒரு சின்ன வீட்டைத் தூக்கி வைத்தது போல இருந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும்; இப்போது பழைய சட்டைக் காலரின் நிறம். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, மடித்து வைக்கும் மேசை எல்லாம் இருப்பதாகச் சொன்னார். அவரோடு வேலை செய்யும் ஜோகூர்க்கார நண்பர் ஒருவரின் பெயரில் வண்டி. அவர் வீட்டு வாசலில் நிற்கும். சனி ஞாயிறுகளில் நாம் போய் எடுத்துக்கொண்டு மலேசியா முழுக்கச் சுற்றலாம். வாங்கியாகிவிட்டது. இனிமேல் ஹோட்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

படம் கைமாறிக் கைமாறி சித்தியிடம் போனது. சித்தி அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வாசக் கதவு இருக்கா?"

"இருக்கே! படியே இருக்கு. ஸ்விட்ச் போட்டா தானா வெளிய வரும். கதவ மூடுனா தானா உள்ள போயிரும்!"

"நல்லது," என்று சொல்லிவிட்டுச் சித்தி தட்டைக் கழுவ எழுந்து போனார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் சித்தப்பாவிடம் நேராகப் பேசவில்லை. பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே, "அக்கா, அவருக்கு இன்னும் ரசம் வேணுமான்னு கேளுங்க" என்பார். அம்மாவும் கேட்பார். சித்தப்பாவும் அம்மாவிடம் பதில் சொல்வார். எனக்கு அது நல்ல விளையாட்டாகத் தெரிந்தது.

வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் சித்தி வாயைத் திறப்பார். "வீடு எப்போன்னு கேட்டா வேன் வந்து நிக்குது" என்பார். "சக்கரம் வச்ச வீடு, எந்த நேரமும் ஓடிப்போயிரும், கட்டிப் போடுங்க" என்பார். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். சித்தப்பாவும் சிரிப்பார். நல்ல நகைச்சுவை உணர்வுள்ள சித்தி என்று அதிலும் எனக்குப் பெருமைதான்.

இவர்களைச் சமாதானப்படுத்த அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டிக்குப் பூஜை போடுவது. புது வண்டி வாங்கினால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதும் தேங்காய் உடைப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் இதில் கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. அப்படியானால் இது வண்டியா, வீடா? வண்டி பூஜையா, கிரகப்பிரவேசமா? அப்பாவும் அம்மாவும் இரண்டு நாள் வாதாடினார்கள். "ரோட் டேக்ஸ் கட்டுறோம்ல? அப்ப வண்டிதான்" என்றார் அப்பா. "பால் காய்ச்ச அடுப்பு இருக்குல்ல? அப்ப வீடுதான்" என்றார் அம்மா. கடைசியில் இரண்டையும் செய்துவிடுவது என்று முடிவானது. சக்கரத்துக்கு எலுமிச்சை, அடுப்பில் பால். கையில் குத்துவிளக்கோடு வலது காலை எடுத்து வைத்து முதலில் உள்ளே போக வேண்டியவர், வீட்டுக்காரி என்ற முறையில், சித்தி.

சித்தி மறுக்கவில்லை. "ஒரு கால்தானே, வச்சிட்டாப் போச்சு" என்றார்.

பூஜைக்கு முந்தின நாள் சித்தி என்னைத் தேக்காவுக்கு, நம்மவர் கடைகள் நிறைந்த பகுதிக்கு, கூட்டிக்கொண்டு போனார். முதலில் தையல்காரரிடம் போய், மெரூன் நிறத்தில் ஓரத்தில் பொன்னிறக் கோடு போட்ட பட்டு ரவிக்கையை வாங்கினோம். மிச்சத் துணியைக் கீற்றாகச் சுருட்டிப் பையில் போட்டுக் கொடுத்தார் தையல்காரர். பிறகு சந்தையில் பூ, வெற்றிலை, தேங்காய், சக்கரத்துக்கு எலுமிச்சை. சித்தி பச்சை மிளகாயும் ஒரு கை அள்ளி வாங்கினார். எதற்கு என்று கேட்டேன். "சட்னிக்கு" என்றார். அந்தச் சட்னி வரவே இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் குடிக்கக் கிடைத்த ஒரு கோப்பை ரோஸ் பந்தோங் பால் என் கவனத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் பாலத்தைக் கடந்தோம். செக்பாயிண்ட்டில் எங்கள் பை மெஷினுக்குள் போய்விட்டு வந்ததும் அதிகாரி திறக்கச் சொன்னார். பித்தளை விளக்கு. "வீட்டுக்குக் கொண்டுபோறோம்" என்றார் அப்பா. எந்த வீடு என்று கேட்டார் அவர். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கைப்பேசியை எடுத்துப் படத்தைக் காட்டினார். அந்த அதிகாரி படத்தையும் விளக்கையும் எங்கள் பட்டுச் சேலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போங்கள் என்று கைகாட்டினார்.

வண்டி மாமரத்தடியில் குளித்து முழுகி நின்றது. சித்தப்பா முந்தின நாள் மாலையே வந்து கழுவியிருந்தார். எல்லோரும் முன்பக்கம் கூடிச் சக்கரத்தடியில் எலுமிச்சையை எப்படி வைப்பது என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். சித்தி, "செருப்ப அந்தப் பக்கம் விட்டுட்டு வரேன்" என்று பையோடு கதவு இருக்கும் பக்கம் போனார். செருப்பு விட அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் சித்தி எதையும் சேர்த்து, நேராக வைப்பவர் என்பதால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு சித்தப்பாவின் கச்சேரி ஆரம்பித்தது. ஸ்விட்சை அழுத்தினார். கதவுக்குக் கீழேயிருந்து இரும்புப் படி ஒன்று உறுமிக்கொண்டு வெளியே வந்தது. இன்னொரு முறை அழுத்தினார். உள்ளே போனது. நாங்கள் கை தட்டினோம். அது போதாதா? நண்பரின் மனைவிக்கு ஒரு தடவை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை, எனக்கு என் விரலாலேயே ஒரு தடவை என்று அந்தப் படி போவதும் வருவதுமாக இருந்தது. கடைசித் தடவை வரும்போது அது கொஞ்சம் முனகியது. "பழைய வண்டில்ல, கூட்டத்தப் பார்த்து வெக்கப்படுது" என்றார் சித்தப்பா.

சித்தி விளக்கை ஏந்திக்கொண்டு வந்தார். நெற்றியில் குங்குமம், தலை நிறைய மல்லிகை. அவ்வளவு அழகாகச் சித்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா சைகை காட்ட, வலது காலை எடுத்துப் படியில் வைத்தார். இடது காலைத் தரையிலிருந்து எடுத்தார். டக்கென்று ஒரு சத்தம். படி ஒரு பக்கமாகச் சரிந்தது. சித்தி முழங்காலில் விழுந்தார். விளக்கு உருண்டு, எண்ணெய் முழுக்கச் சேலையில் கொட்டியது.

"ஐயோ, படி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார் சித்தப்பா. வந்தவர் மண்டியிட்டு, படிக்கு அடியில் தலையை விட்டு என்ன ஆனது என்று பார்த்தார். சித்தியை அம்மாதான் தூக்கிவிட்டார்.

அன்றைக்குப் பால் காய்ச்சவில்லை. பாலத்தின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸ் வந்ததும் சித்தி எங்களோடு பஸ் ஏறவில்லை. "அக்கா, நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க்கறைச் சேலையோடு தெம்பனிசுக்குப் போய்விட்டார்.

முதலில் இரண்டு மூன்று நாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு வாரக்கணக்காக நீண்டது. என் அறை காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அம்மா என்னை அதில் படுக்க விடவில்லை. "அது அவங்க ரூம்" என்றார். என் தலை மறுபடியும் அம்மாவின் கைக்குப் போனது. வகுப்பில் நான் மறுபடியும் ஆச்சரியப்பட ஆரம்பித்தேன். சித்தி இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. இனிமேல் வரமாட்டாரோ என்று பயமாகவும் இருந்தது. யாரிடம் கேட்டாலும், "வருவா, வருவா" என்றார்களே தவிர, எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை.

சித்தப்பா வேலை முடிந்ததும் தெம்பனிசுக்குப் போவார். சித்தியின் வீட்டுக்குக் கீழே நின்று கைப்பேசியில் கூப்பிடுவார். சித்தி எடுக்கமாட்டார். அம்மா கூப்பிட்டால் எடுப்பார். அப்படி ஒருநாள் அம்மாவிடம் சொல்லியனுப்பிய செய்தியை நானும் கேட்டேன்: "அந்தப் படியவே கட்டிக்கிட்டு இருக்கச் சொல்லுங்கக்கா."

இதைச் சித்தப்பா எப்படிப் புரிந்துகொண்டார் என்றால், படிதான் பிரச்சினை, படியைச் சரி செய்துவிட்டால் சித்தி வந்துவிடுவார் என்று. "படிய ரிப்பேர் பண்ணா பொண்டாட்டி வந்துருவாளாடா?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் சித்தப்பா கட்சி. படியால் போனவர் படியால்தானே வர வேண்டும்? பத்து வயதில் எனக்கு இதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

ஆகவே சனிக்கிழமை தோறும் ஜோகூர்ப் பயணம். கடைக்கு எடுத்துக்கொண்டு போங்களேன் என்று நண்பர் சொன்னதற்குச் சித்தப்பா சம்மதிக்கவில்லை. தானே செய்ய வேண்டுமாம். முதல் வாரம் ஃபியூஸ் போயிருக்கும் என்று ஃபியூஸை மாற்றினார்கள். ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் உறுமியது. படி பாதி வந்து கோணிக்கொண்டு நின்றது. அடுத்த வாரம் ஸ்விட்சையே மாற்றினார்கள். புது ஸ்விட்சுக்கும் அதே பாதிதான் வந்தது. அதற்கடுத்த வாரம், துரு இளக்கும் எண்ணெயை அடித்து அடித்து, சித்தப்பாவின் சட்டையிலிருந்து என் நோட்டுப் புத்தகம் வரைக்கும் அந்த வாடை ஏறியது. படிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இணையத்தில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரி படியைப் பிரித்துக் காட்டும் வீடியோவை அப்பாதான் தேடி எடுத்தார். மேலே மேலே எண்ணெய் விட்டுப் பிரயோசனமில்லை, மொத்தமாகக் கழற்றிக் கீழே இறக்க வேண்டும் என்று அதில் சொன்னான். அந்தச் சனிக்கிழமை, வண்டிக்கு அடியில் பாயை விரித்து அப்பாவும் சித்தப்பாவும் மல்லாந்து படுத்தார்கள். நண்பர் சுத்தியலும் ஸ்பேனருமாக எடுத்துக் கொடுத்தார். துருப்பிடித்த போல்ட்டுகள் கத்திக்கொண்டு கழன்றன. கடைசி போல்ட் வந்ததும் படி மொத்தமும் அப்பாவின் வயிற்றின் மேல் இறங்கியது. அப்பா சொன்ன வார்த்தையை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

படியை வெயிலில் இழுத்துப் போட்டுத் திருப்பினோம். மோட்டாரையும் படியையும் இணைக்கும் இரும்புக் கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஏதோ கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார் நண்பர். நசுங்கிக் காய்ந்த எலுமிச்சம்பழம். கூடவே சுருங்கிப்போன மிளகாய்கள். அதைக் கட்டியிருந்த கயிறு பல்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. படி முழுதாக வெளியே வர முடியாமல் நின்றிருக்கிறது; அதன்மேல் கால் வைத்ததும் பாரம் தாங்காமல் கீலின் ஊசி ஒடிந்திருக்கிறது. விஷயம் அவ்வளவுதான்.

"திருஷ்டிக் கயிறு!" என்றார் அப்பா. "முன்ன வச்சிருந்தவன் கட்டுனதா இருக்கும்."

"அவர் சீனர் லா," என்றார் நண்பர். "அவர் எங்க இதெல்லாம் கட்டப் போறாரு?"

நான் குனிந்து பார்த்தேன். கயிறு என்று எல்லோரும் நினைத்தது கயிறில்லை. கிரீஸில் ஊறிக் கறுத்திருந்தாலும் ஒரு நுனியில் மெரூன் நிறமும் பொன்னிறக் கோடும் தெரிந்தன.

"இது சித்தி ப்ளவுஸ் துணி!" என்று கூவினேன். தேக்காவில் தையல்காரர் சுருட்டிக் கொடுத்தது, சட்னிக்கு வாங்கிய மிளகாய், செருப்பு விடப் போன நேரம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். சாதாரணமாகத் திருஷ்டிக்குக் கட்டுவதை முன்பக்கம், நாலு பேர் கண்ணில் படும்படிதானே கட்டுவார்கள்? சித்தி யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துப் படிக்கு அடியில் கட்டியிருக்கிறார்.

அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "நல்ல கூத்துடா! படிய ஒடைச்சதே உன் பொண்டாட்டிதான். அவளே கட்டிட்டு, அவளே விழுந்துட்டு, அவளே கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா!"

எனக்கும் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. வழக்கு நம் பக்கம் ஜெயித்துவிட்டது. ஆதாரம் கையில் இருக்கிறது. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் சித்தியால் ஒரு வார்த்தை பேச முடியாது; பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் காய்ந்த எலுமிச்சையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, அவ இதக் கட்டியிருக்காண்ணே," என்றார்.

"அதத்தானடா நானும் சொல்றேன்."

"இல்லண்ணே. அவ இதக் கட்டியிருக்கா."

இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள், எதற்கு இந்த "இல்லண்ணே" என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரு எண்ணெய் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்து நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் அதை வாங்கிக் குடித்துவிட்டு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "இது யாருக்கும் தெரிய வேணாம். அவளுக்குத் தெரியவே வேணாம்."

ஜெயித்த வழக்கை இப்படிக் கைவிடும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. ஒடிந்த ஊசிக்குப் பதில் நண்பர் தெருமுனைக் கடையிலிருந்து கெட்டியான போல்ட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். பல்சக்கரத்தைத் துடைத்து, புது கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் மேலே ஏற்றி முடுக்கினார்கள். சித்தப்பா ஸ்விட்சை அழுத்தினார். படி முனகாமல் முழுதாக வெளியே வந்து டக்கென்று நின்றது. முதலில் அப்பா ஏறி நின்றார். பிறகு நண்பர். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து. பிறகு அப்பாவின் தோளில் நான். படி அசையவே இல்லை. சித்தப்பா அந்த மெரூன் துணியைப் பல்சக்கரத்திலிருந்து அறுக்காமல், சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். கை துடைக்க வைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் தெம்பனிசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் போனால் சித்தி கதவைத் திறப்பார் என்பது அம்மாவின் கணக்கு. எம்ஆர்டி ரயிலில் வழி முழுக்கச் சித்தப்பா சொல்ல வேண்டியதை எனக்கு ஒப்பித்துக் காட்டினார். படி எப்படிக் கழற்றப்பட்டது, எப்படிப் பூட்டப்பட்டது, எத்தனை பேர் ஏறி நின்றார்கள் என்று நீளமான பேச்சு. நன்றாக இருக்கிறது என்று நான் சான்றிதழ் கொடுத்தேன். "எலுமிச்சம்பழம் மட்டும் மூச்சு விடக்கூடாது" என்று மூன்று நான்கு தடவை சொன்னார்.

சித்தி மரக்கதவைத் திறந்தார். இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. வீட்டு உடையில், கூந்தலை அள்ளி முடிந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். என் சடையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பெரிதானது. பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

சித்தப்பா ரயில் முழுக்கத் தயார் செய்த பேச்சுக்காக நான் காத்திருந்தேன். அவர் அதை ஆரம்பிக்கவே இல்லை.

"முட்டி எப்படி இருக்கு?" என்றார்.

சித்தி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கே கேட்டிருக்கணும்," என்றார் சித்தப்பா. "வண்டி வாங்குறதுக்கு முன்னாடியும் உன்கிட்டக் கேட்டிருக்கணும். ரெண்டையும் கேக்கல. தப்புதான்."

மறந்துவிட்டார் போலிருக்கிறது, படியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் என்னென்னவோ பேசுகிறாரே என்று நான் தவித்தேன். அவர் காலை மிதித்து ஞாபகப்படுத்தலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, சித்தியே கேட்டுவிட்டார்.

"படி என்ன ஆச்சு?"

"ஒரு ஊசி துருப்பிடிச்சு ஒடஞ்சிருந்துச்சு. மாத்தியாச்சு."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற ஒண்ணும் இல்ல லா."

சித்தி என்னைப் பார்த்தார். எனக்கு வாய் முழுக்க எலுமிச்சம்பழம். சித்தப்பாவின் கை என் கையை இறுகப் பிடித்தது. நான் கூரையைப் பார்த்தேன். பிறகு சித்தி கேட்டைத் திறந்து, "உள்ள வா. சடையா இது? உக்காரு, பிரிச்சிப் பின்னி விடறேன்" என்றார். என்னிடம்தான் சொன்னார். சித்தப்பாவும் உள்ளே வந்தார்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் மறுபடி பாலத்தைக் கடந்தோம். இந்தத் தடவை விளக்கில்லை, தேங்காயில்லை. மெஷினுக்குள் போன பையில் மாற்றுத் துணியும் முறுக்கும் மட்டும்தான். சித்தி ஜீன்ஸும் டீசட்டையும் போட்டிருந்தார். முன்னாலேயே போய் வண்டியைத் தயார் செய்திருந்த சித்தப்பா, எங்களைக் கண்டதும் ஸ்விட்சை அழுத்திவிட்டு விலகிக்கொண்டார். படி வெளியே வந்து நின்றது.

சித்தி கால் வைக்கப் போனவர், நின்றார்.

கதவுக்கு மேலே, எந்தச் சக்கரமும் எட்டாத உயரத்தில், ஒரு புது எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாய்களும் தொங்கின. அவற்றைக் கட்டியிருந்தது மெரூன் துணி. துவைத்து, இஸ்திரி போட்டு, கிரீஸ் கறை போகாத இடத்தை உள்பக்கமாக மடித்திருந்தது. பொன்னிறக் கோடு மட்டும் வெளியே தெரிந்தது.

சித்தி கையை உயர்த்தி அந்தத் துணியைத் தொட்டார். திரும்பிச் சித்தப்பாவைத் தேடினார். அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, காற்று குறையாத டயரை மும்முரமாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. உதடு சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு படியில் ஏறி உள்ளே போனார். இடது காலைத்தான் முதலில் வைத்தார் என்று அம்மா இன்னும் புகார் சொல்கிறார். உள்ளே போனதும் சித்தி செய்த முதல் வேலை, தன் செருப்பைக் கழற்றிக் கதவுக்குப் பக்கத்திலிருந்த சின்ன அலமாரியில், நட்ட நடுத் தட்டில் வைத்தது.

எனக்கோ சித்தப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. மூச்சு விடாதே என்று என் வாயைக் கட்டிவிட்டு, அதே துணியைச் சித்தியின் கண்ணெதிரே கொண்டுவந்து தொங்கவிடுகிறாரே, இவருக்கு ஒரு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிகிறதா? சித்தி கண்டுபிடித்துவிட்டால்? எப்படியாவது சமாளிக்க வேண்டும் என்று நினைத்து, பக்கத்தில் போய் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"சித்தி, அது ஏதோ பழைய துணிதானே?"

"ஆமா," என்றார் சித்தி, அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றிக்கொண்டே. "நல்ல துணி. உங்க சித்தப்பாவுக்குத் தூக்கிப் போட மனசு வரல."

சித்திக்கு ஒன்றுமே தெரியவில்லை, தப்பித்தோம் என்று எனக்குப் பெரிய நிம்மதி. பால் பொங்கியது. அன்றைக்குப் போட்டிக்சன் கடற்கரை வரைக்கும் போனோம். போகும் வழி முழுக்க அந்த எலுமிச்சம்பழம் கதவில் இடித்துக்கொண்டே வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு கீற்றுத் துணியைக்கூட வீணாக்கமாட்டார்கள், அவ்வளவு சிக்கனம் என்று நான் வெகுகாலம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.